அந்த ஒரு சாண்

1

போன ஆடிக் காற்றில் எங்கள் காட்டின் தென்புற வேலி படுத்துவிட்டது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. ஓட்டைத் தூக்கும், தென்னை மட்டையைப் பிய்த்துப் போடும். ஆனால் வேலியையே சாய்த்துவிட்டது என்று அப்பா போனில் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு சவுக்குக் கால்கள். முப்பத்தொன்று முறிந்து கிடந்தன. கிட்டத்தில் போய்ப் பார்த்தால், காற்று அவற்றை முறித்த மாதிரி தெரியவில்லை. அவை எப்போதோ உள்ளுக்குள் முறிந்துவிட்டன. அதற்குப் பிறகு கம்பிதான் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கால் கம்பியைத் தாங்குகிறது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வேலியில் என் கை உழைப்பும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் பாகம் பிரித்தபோது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. அந்த இடத்தில் அப்பாரு காலத்துக் கிளுவை வேலி ஒன்று இருந்தது. அது நேராக இல்லை. சர்வேயர் போட்ட கோட்டிலிருந்து இங்கே இரண்டு முழம், அங்கே மூன்று முழம் என்று வளைந்து வளைந்து போனது. அந்த வளைவு யாருக்குச் சேரும் என்பதில்தான் பேச்சு தடித்தது. கடைசியில் ஜேசிபி வந்தது. அரை நாளில் வேலி போன இடம் தெரியவில்லை. கோட்டின் மேல் சவுக்குக் கால் நட்டு நாலு வரிசை முள்கம்பி இழுத்தோம். நான் குழி தோண்டினேன். அப்பா ஒரு கண்ணை மூடி வரிசை நேர் பார்த்தார். சித்தப்பா அவர் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவும் இல்லை.

முறிந்த கால்களை இழுத்துவந்து களத்தில் வரிசையாகப் போட்டேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாம் ஒரே இடத்தில் முறிந்திருந்தன. தரை மட்டத்தில் தொடங்கி, கீழே ஒரு சாணுக்குள். மேலே இருந்த நாலரை அடி வெயிலில் நரைத்திருந்தாலும் கெட்டியாக இருந்தது. குழியைத் தோண்டி அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தால், அதன் நுனியும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. நடுவில் அந்த ஒரு சாண் மட்டும் ஊறின ரொட்டி மாதிரி விரலுக்குள் பொடிந்தது.

வேலி என்றால் நாம் உயரத்தைப் பற்றி, முள்ளைப் பற்றி, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்த ஒரு சாணைப் பற்றிப் பேசுவதில்லை. நான் படித்துப் பார்த்தவரைக்கும் வேலியின் வரலாற்றில் பெரும்பகுதி அங்கேதான் நடந்திருக்கிறது.

2

மரத்தை அழுக வைப்பது தண்ணீர் என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மை. அழுக வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், கொஞ்சம் கதகதப்பும் வேண்டும். தின்பதற்கு மரம் இருக்கவே இருக்கிறது. இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அது பிழைக்காது. தரைக்கு மேலே காற்று இருக்கிறது, நிலையான ஈரம் இல்லை. ஆழத்தில் ஈரம் இருக்கிறது, காற்று போதாது. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் மண்ணும் வெளியும் சந்திக்கிற அந்த ஒரு சாண்தான். நம் பக்கத்தில் கரையானும் அதே வழியாகத்தான் உள்ளே போகும்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்து அரண்மனை 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் கீழே சேற்றில் அடித்து இறக்கிய மரத்தூண்கள் 13,659 என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்வார்களாம். அவ்வளவு பெரிய கல் கட்டடத்தை முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வெறும் கட்டைகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவை முழுக்க நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன, காற்று படாது, அவ்வளவுதான். அதே கட்டையை எங்கள் செம்மண்ணில் நட்டால் நாலு வருடம்.

வேலிக்கால் நடுவதில் மனிதன் கண்டுபிடித்த அத்தனை முறைகளும் இந்தச் சாணைக் காப்பாற்றுகிற வழிகள்தான். நடுவதற்கு முன் பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டைக்குள் ஈரம் தங்கும், பூச்சி குடியேறும். பச்சைக் கட்டையை நடக்கூடாது, நிழலில் போட்டு உலர வைக்க வேண்டும். குழியின் அடியில் கையளவு ஜல்லி போட்டால் தண்ணீர் இறங்கிப்போகும். மண்ணை ஒரே மூச்சில் தள்ளி மூடாமல், நாலு விரற்கடை மண் போட்டு கடப்பாரையின் மொண்ணைப் பக்கத்தால் இடிப்பது, மறுபடி நாலு விரற்கடை, மறுபடி இடிப்பது. ஒழுங்காக இடித்தால் குழியிலிருந்து எடுத்த மண் முழுவதும், கால் உள்ளே இருந்தும், திரும்பக் குழிக்குள்ளேயே போய்விடும். கடைசியில் காலைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்துவிட்டால் மழைத் தண்ணீர் கழுத்தில் தேங்காமல் விலகி ஓடும். மூலைக்காலுக்கு மட்டும் ஆழம் அதிகம், சாய்வாக ஒரு முட்டும் வேண்டும். ஏனென்றால் கம்பியின் மொத்த இழுவையும் அங்கேதான் வந்து விழுகிறது.

சிமெண்ட் ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். மரம் உலர்ந்து சுருங்கும்போது கட்டைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். அதில் தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழி இல்லை. சிமெண்ட் காலைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அழுகலைத் தடுக்காது. எங்கள் நாற்பத்திரண்டு கால்களில் கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் போட்ட இரண்டும் முறிந்ததில் சேர்த்திதான்.

அப்பாரு காலின் அடியைத் தீயில் காட்டிக் கருக்கிவிட்டு நடுவார். "கரியைக் கரையான் திங்காது கண்ணு" என்பார். அது உண்மைதான், கரியில் சத்து கிடையாது. இந்த வழக்கம் பல நாடுகளில் பல காலமாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வுக்கூடம் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, பலன் ஒன்றும் பெரிதாக இல்லை என்று முடிவுக்கு வந்தது. கருக்கும்போது கட்டையில் வெடிப்பு விழுகிறது, அந்த வெடிப்பு வழியாகப் பூஞ்சை உள்ளே இருக்கிற நல்ல மரத்துக்குப் போய்விடுகிறது. மேலே இருக்கிற கரி பார்ப்பதற்கு மட்டும் கவசம்.

அப்படியானால் அப்பாரு நட்ட கால்கள் எப்படி நின்றன? அவர் சவுக்கு நடவில்லை. வேலாங்கட்டை நட்டார். அதிலும் நடுவில் இருக்கிற வைரத்தை மட்டும். வெளியே இருக்கிற வெளிறிய பகுதியைச் செதுக்கிவிடுவார். ஒரு மரம் உயிரோடு இருக்கும்போது தண்ணீரும் சத்தும் ஓடுகிற பாதை அந்த வெளிப்பகுதிதான். பூஞ்சைக்கும் அதுதான் விருந்து. வயதாக வயதாக மரம் தன் உட்பகுதியில் கசப்பும் துவர்ப்புமான பொருட்களைச் சேர்த்து வைக்கிறது. அதுதான் வைரம். தொல்காப்பிய மரபியல் உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும் வெளியே காழ் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது என்ன பிரிவினை என்று தோன்றியது. பனைங்கட்டையையும் வேலாங்கட்டையையும் ஒரு முறை செதுக்கிப் பார்த்தவனுக்கு அது தச்சனுடைய அறிவு என்று புரிந்துவிடும். பனையில் வெளிப்பக்கத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற சோற்றை எடுக்க வேண்டும். வேலாமரத்தில் நேர் எதிர்.

ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1927இல் ஒரு விசித்திரமான தோட்டத்தைத் தொடங்கியது. அங்கே நட்டது செடிகளை அல்ல, வேலிக்கால்களை. பல வகை மரங்கள், பல வகைப் பூச்சுகள். ஆண்டுதோறும் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பது, முறிந்ததைக் குறித்துக்கொள்வது. நட்டவர்கள் ஓய்வு பெற்றுப் போனபிறகும் அடுத்தவர்கள் வந்து இழுத்துப் பார்த்தார்கள். எந்த மருந்தும் போடாமல் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்ற கால்களில் முதல் வரிசையில் இருந்தது ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரம். அந்த மரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் காட்டில் நடந்தது அங்கே ஏற்கெனவே ஒரு நாட்டின் அளவுக்கு நடந்து முடிந்திருக்கிறது.

3

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குடியேறியவர்களுக்கு மரத்துக்குப் பஞ்சம் இல்லை. அவர்கள் போட்ட வேலிக்குக் காலே கிடையாது. பிளந்த மரச்சட்டங்களைப் பாம்பு நெளிவது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே அடுக்கிக்கொண்டே போவார்கள். குழி தோண்ட வேண்டாம், ஆணி வேண்டாம், அழுகுகிற கழுத்தும் இல்லை. ஆனால் மரமும் இடமும் ஏராளமாக வேண்டும். ஆபிரகாம் லிங்கன் இளைஞராக இருந்தபோது இல்லினாய்ஸில் பிளந்தது இந்த வகைச் சட்டங்களைத்தான். 1860 தேர்தலில் அவர் பிளந்ததாகச் சொல்லி இரண்டு சட்டங்களை மாநாட்டு மேடைக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலிக்கட்டை ஒருவரை ஜனாதிபதியாக்க உதவியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், முழுப் பொய் இல்லை.

மேற்கே போகப் போகக் காடு தீர்ந்து புல்வெளி வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மரம் இல்லை. 1862இல் வந்த குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்றது. நிலம் ஏறக்குறைய இலவசம், வேலிதான் விலை. 1871ஆம் ஆண்டுக்கான வேளாண்மைத் துறை அறிக்கை நாட்டில் இருக்கிற வேலிகளின் மதிப்பை 170 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குப் போட்டது. நிலத்தைவிட அதைச் சுற்றி இருக்கிற கட்டைக்கு அதிகம் செலவழித்த உழவர்கள் அங்கே இருந்தார்கள்.

அப்போதுதான் ஓசேஜ் ஆரஞ்சு வந்தது. ஓசேஜ் மக்கள் வில் செய்வதற்குப் பயன்படுத்திய மரம். இல்லினாய்ஸில் பேராசிரியராக இருந்த ஜோனதன் பால்ட்வின் டர்னர் 1840களில் இதை உயிர்வேலியாக நடச் சொல்லி ஊர் ஊராகப் பரப்பினார். நெருக்கமாக நட்டு, வளர வளர வெட்டிப் பின்னிவிட்டால் நாலைந்து வருடத்தில் சுவர் மாதிரி ஆகிவிடும். குதிரை தாண்டக் கூடாது, காளை முட்டினால் அசையக் கூடாது, பன்றி நுழையக் கூடாது. நல்ல வேலிக்கு அந்த ஊர் உழவர்கள் சொன்ன இலக்கணம் இது. ஓசேஜ் வேலி மூன்றிலும் தேறியது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு நட்டார்கள்.

1873இல் இல்லினாய்ஸின் டிகால்ப் ஊர்ச் சந்தையில் ஒருவர் மரச்சட்டத்தில் முள் அடித்துக் காட்சிக்கு வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன ஜோசப் கிளிடன் என்ற உழவர், காப்பிக்கொட்டை அரைக்கிற இயந்திரத்தைக் கொண்டு கம்பித் துண்டுகளை முள்ளாக வளைத்தார். அந்த முள்ளைக் கம்பியில் சுற்றி, நகராமல் இருக்க இன்னொரு கம்பியோடு சேர்த்து முறுக்கினார். 1874 நவம்பர் 24இல் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆண்டு விற்ற முள்கம்பி சுமார் 10,000 பவுண்டு. 1880இல் அது எட்டுக் கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

அந்தக் கம்பிக்குக் கால் வேண்டுமே. மரமில்லாத நாட்டில் கால் எங்கிருந்து வந்தது? முப்பது வருடமாக வளர்த்த ஓசேஜ் வேலியை வெட்டிக் காலாக்கினார்கள். வேலியாக நின்ற மரமே, செத்த கட்டையாக அதே எல்லையில் திரும்ப நின்றது. இதைப் படித்தபோது எனக்குக் களத்தில் கிடந்த சவுக்குக் கால்கள் நினைவுக்கு வரவில்லை. ஜேசிபி வாயில் தொங்கிய கிளுவைதான் நினைவுக்கு வந்தது.

ஓசேஜ் கிடைக்காத கான்சாஸ் பகுதியில் கல்லை வெட்டி நட்டார்கள். தரைக்குச் சற்றுக் கீழே ஒரே கனத்தில் பரவியிருந்த சுண்ணாம்புக்கல், எடுக்கும்போது மென்மையாகவும் காற்று பட்டபின் கெட்டியாகவும் ஆகிற வகை. வரிசையாகத் துளை போட்டு, துளைக்குள் ஆப்பு வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் கல் நேர்கோட்டில் பிளக்கும். காங்கேயம் பக்கம் கல்லுக்கால் எடுப்பவர்கள் செய்வதும் இதேதான். அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே கருங்கல். ஒரு காலின் எடை நூற்றைம்பது கிலோவுக்கு மேல். ஆனால் அந்த ஒரு சாண் பிரச்சினை அதற்கு இல்லை. நூறு வருடம் தாண்டிய கற்கள் அங்கே இன்னும் நிற்கின்றன.

விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அந்தப் புல்வெளியில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு வேலி என்றால் போக்குவரத்து முடிந்தது என்று பொருள். 1887இல் வந்த டாஸ் சட்டம் அவர்களின் பொது நிலத்தையும் தனித்தனித் துண்டாக அளந்தது. டெக்சாஸில் திறந்த மேய்ச்சலை நம்பியிருந்த சிறு மாட்டுக்காரர்கள் 1883இல் ராத்திரிகளில் கம்பியை வெட்டத் தொடங்கினார்கள். மறுவருடமே வேலி வெட்டுவது பெருங்குற்றம் என்று சட்டம் வந்தது. 1880களின் நடுவில் வந்த கடும் பனிக்காலங்களில், பனிக்காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கே நகர்ந்த மாடுகள் குறுக்கே இருந்த கம்பி வேலிகளில் முட்டி நின்று, அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்து விழுந்தன. அவை இதற்கு முன்பும் பனிக்கு நகர்ந்தவைதான். இந்த முறை கால்கள் உறுதியாக நடப்பட்டிருந்தன.

4

உறுதிக்கு இன்னொரு வழி மருந்து. 1838இல் ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மரத்தை இரும்பு உருளைக்குள் வைத்து மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் உள்ளே செலுத்துவது. ரயில் பாதைகளுக்குச் சட்டம் சட்டமாக மரம் தேவைப்பட்ட காலம் அது. மேலே பூசினால் தோலுக்கு மட்டும் மருந்து, இது சதைக்குள்ளேயே போகும். ஆனால் கிரியோசோட் கறுப்பு, நாற்றம், தொட்டால் ஒட்டும்.

அடுத்த பெரிய அடி எங்கே விழுந்தது தெரியுமா? டேராடூனில். அங்கே 1906இல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோன்டி காமேசன் என்ற இந்திய விஞ்ஞானி மரப் பாதுகாப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். தாமிர உப்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும். இது முன்பே தெரிந்ததுதான். சிக்கல் என்னவென்றால் இரண்டும் தண்ணீரில் கரைபவை, நாலு மழையில் மண்ணுக்குள் கழுவிப் போய்விடும். காமேசன் 1933இல் மூன்றாவதாகக் குரோமியத்தைச் சேர்த்தார். அது மற்ற இரண்டையும் மரத்தின் இழையோடு பிணைத்துக் கரையாமல் கட்டிப்போட்டது. ஆர்சனிக், தாமிரம் இரண்டின் வேதிக் குறியீடுகளையும் சேர்த்து 'ஆஸ்கு' என்று பெயர் வைத்தார்கள். 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. நம் ஊர்க் கரையானுக்காகத் தேடிய மருந்து உலகம் முழுக்கப் போனது. இன்று நியூசிலாந்துத் திராட்சைத் தோட்டங்களிலும் ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் வரிசை வரிசையாக நிற்கிற வெளிர்பச்சைக் கால்களுக்குள் இருப்பது டேராடூனில் பிறந்த கலவைதான். நம் பாடப் புத்தகம் எதிலும் அவர் பெயரைப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் காலில் ஒரு பகுதி ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியுள்ள மண்ணில் இறங்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. குழந்தைகள் விளையாடுகிற மேடைகளும் ஊஞ்சல்களும் அந்த மரத்திலேயே செய்யப்பட்டிருந்தன. 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். பண்ணை வேலிக்கு இன்னும் அனுமதி உண்டு. முறிந்துபோன பழைய கால்களை என்ன செய்வது என்பதுதான் இப்போதைய தலைவலி. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். மாடு அந்தச் சாம்பலை நக்கினால் போச்சு. எங்கள் சவுக்குக் கால்கள் நாலே வருடத்தில் முறிந்தாலும், களத்தில் போட்டு வெந்நீர் அடுப்புக்கு எரிக்க முடிந்தது. அழுகாத கட்டைக்கு அந்த வசதி கிடையாது.

நான் காமேசனைக் குறை சொல்லவில்லை. அந்த மருந்து வெட்டாமல் விட்ட காடுகள் எத்தனையோ இருக்கும். ஒன்றைத்தான் கவனிக்கிறேன். அந்த ஒரு சாணை அழியாததாக்க ஒவ்வொரு முறை முயன்றபோதும் யாரோ ஒருவர், ஏதோ ஒன்று, அதற்கான விலையை வேறு இடத்தில் கொடுத்திருக்கிறது.

5

"கல்லுக்கால்தான் சரி. கடன் வாங்கியாவது நட்டுப்போடலாம்" என்றார் அப்பா.

நான் சொன்னேன், "கிளுவையே திரும்ப வெக்கலாங்ப்பா."

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்துக் கொறங்காடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை குறைந்த மேட்டுநிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிளுவை வேலியால் அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர விட்டு, மாடுகளை மாற்றி மாற்றி மேய விடுவது. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காடுகளில்தான். அங்கே வேலி எல்லை மட்டும் இல்லை. அதற்குள் கீரிப்பிள்ளை இருக்கும், கவுதாரி முட்டையிடும், ஓணான் ஓடும். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதையெல்லாம் முள்கம்பி வேலியில் பிறந்திருக்க முடியாது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதும் எனக்கு ஒரு உயிர்வேலிக்காரர் சொன்ன சொல்லாகவே படுகிறது. கிளுவையின் வேர் பக்கத்துப் பயிரின் ஈரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும்.

வேலி என்ற சொல் தமிழில் அடைப்பை மட்டும் குறிப்பதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது நில அளவு. இருபது மா ஒரு வேலி, இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஆறரை ஏக்கர். சுற்றி நிற்கிறதும் உள்ளே இருக்கிறதும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. திருநெல்வேலியும் நெய்வேலியும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே இருக்கின்றன. இன்னொரு சொல்லும் உண்டு. மண்ணில் அடித்து இறக்குகிற கட்டைக்கு முளை என்று பெயர். விதையிலிருந்து கிளம்புவதற்கும் முளை என்றே பெயர். ஆட்டைக் கட்ட முளை அடிக்கிறோம், நெல் முளை விடுகிறது. செத்த கட்டையும் உயிருள்ள துளிரும் ஒரே சொல்லில் இருக்கிற விசித்திரத்தை நான் இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.

யாழ்ப்பாணத்தில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: கதியால். பூவரசு, கிளுவை, முள்முருங்கைக் கொம்புகளை வேலிக்காலாக நட்டு, அவை வேர் பிடித்தபின் அவற்றோடு கிடுகையோ பனையோலையையோ சேர்த்துக் கட்டுவார்கள். ஓலை உக்கிப்போனால் அதைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டுவிட்டுப் புது ஓலை கட்டுவார்கள். கதியாலில் வெட்டுகிற தழை ஆட்டுக்கும் உரத்துக்கும். அங்கே கால் அழுகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, கால்தான் உயிரோடு இருக்கிறதே. உலகம் முழுக்க மனிதர்கள் தீயும் தாரும் விஷமும் வைத்துப் போராடிய அந்த ஒரு சாணில், இந்தக் கொம்பு வேர் விடுகிறது. பூஞ்சைக்கு வேண்டிய அதே ஈரமும் காற்றும் வேருக்கும் வேண்டும். யார் முந்துகிறார்கள் என்பதுதான்.

அதற்காக உயிர்வேலியைத் தூக்கிவைத்துப் பாட நான் தயாரில்லை. அடைத்து முடிக்க மூன்று நாலு வருடம் ஆகும். அதுவரை கம்பி வேண்டும். வருடா வருடம் கொம்பு கழித்து, சந்தில் முள் சொருக வேண்டும். நேராக நிற்காது, பெருக்கும், நிலம் தின்னும். சென்ட் கணக்கில் நிலத்துக்கு விலை பேசுகிற காலத்தில் மூன்று முழ அகலத்துக்கு ஒரு வேலி என்பது ஆடம்பரம் மாதிரித் தெரியும். கம்பி வேலி போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆள் கிடைக்கவில்லை, நேரமில்லை, பங்காளிகளுக்குள் நம்பிக்கை இல்லை. கம்பிக்கு இது எதுவும் தேவையில்லை. கிளுவை வேலிக்கு இரண்டு பக்கத்திலும் ஆள் வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் நின்று அதைக் கழிக்க முடியாது.

6

கொம்புக்கு எங்கே போவது என்பதுதான் அடுத்த சிக்கல். எங்கள் பக்கம் ஒரு கிளுவை மிச்சமில்லை. பக்கத்தில் பழைய கிளுவை வேலி நின்றது சித்தப்பாவின் வடவேலியில் மட்டும்.

போய்க் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"உங்கப்பன் கேக்கச் சொன்னானா?"

"இல்லீங் சித்தப்பா. நானாத்தான் வந்தேன்."

"கொம்பு வேணும்னா வெட்டிக்க வேண்டீதுதானே. இதுக்கு வந்து கேக்கோணுமா?" என்றார். பிறகு அவரே அருவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். கட்டைவிரலைவிடத் தடித்த கொம்பாகப் பார்த்துச் சாய்வாக வெட்டினார். அடி எது நுனி எது என்று மறந்துவிடாமல் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கினார். "தலகீழா நட்டா வராது சாமி. சவுக்குக் காலு மாதிரி இல்ல இது. இதுக்கு மேல கீழ தெரியும்."

இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின், மழைக்கு முன்னால் நட்டோம். முறிந்த சவுக்குக் கால்களில் தேறியதை ஒரு முழம் குறைத்து, செதுக்கித் திரும்ப நட்டு, பழைய கம்பியையே கட்டினோம். அது மூன்று வருடம் தாங்கினால் போதும். குழிகளை நான் தோண்டினேன். அப்பா வந்து நின்றார், இந்த முறை ஒரு கண்ணை மூடி நேர் பார்க்கவில்லை. வேலை பாதி ஆனபோது சித்தப்பாவும் அந்தப் பக்கம் வந்து, மிச்சக் கொம்புகளில் நாலைந்தை எடுத்து அவர் பாட்டுக்கு நடத் தொடங்கினார். இரண்டு பேரும் என்னிடம் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

ஒரு இடத்தில் கடப்பாரை பாறையில் மோதியது. கோட்டின் மேல் குழி இறங்கவில்லை. சித்தப்பா கொஞ்சம் நகர்ந்து, மண் இளகலாக இருந்த இடத்தில் கொம்பை ஊன்றி, குதிங்காலால் மிதித்து மண்ணை அணைத்தார். அது எங்கள் பக்கம் ஒரு முழம் உள்ளே வந்த இடம். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அதைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கொம்புக்கும் ஊற்றினார்.

நட்டது ஐம்பது கொம்பு. மார்கழியில் போய் எண்ணியபோது முப்பத்தாறு துளிர்த்திருந்தன. பாறையோரத்துக் கொம்பும் அதில் ஒன்று.